ஈர மலைக்கு ஏற்ற கம்பளி

தெரணியகலையில் குளிர் என்று உணரப்படுவதில் பெரும்பங்கு ஈரமே. கேகாலை மாவட்டத்தின் தென்கிழக்குப் பகுதியில், சிவனொளிபாத மலைத்தொடரின் மேற்குச் சரிவுகள் சீதாவக்கை ஆற்றை நோக்கி இறங்கும் இடத்தில் அமைந்துள்ள இந்த ஊரும் அதற்கு மேலே கிழக்கே ஏறிச் செல்லும் மாலிபொடைப் பக்கமும், தென்மேற்குப் பருவக்காற்று கடலைக் கடந்து வந்து முதன்முதலாக மலையில் மோதும் வரிசையிலேயே இருக்கின்றன. மத்திய மலைநாட்டின் மேற்குச் சரிவுகளில் ஆண்டு மழைவீழ்ச்சி சில இடங்களில் 5,000 மில்லிமீற்றரையும் தாண்டுவதற்கு அந்த மோதலே காரணம். இறப்பரும் தாழ்நிலத் தேயிலையும் செழித்து நிற்கும் இத்தகைய நிலத்தில் வெப்பமானி அரிதாகவே 20 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்கும். ஆயினும் மே மாதத்தின் கடைசியில் மழை பிடித்த பிறகு, அதிகாலையில் துவிச்சக்கர வண்டியில் சரிவிறங்கி வருபவரின் கைவிரல்கள் பிறேக்கைப் பிடிக்க முடியாத அளவுக்கு விறைத்துப் போவதுண்டு. இந்த முரண்பாட்டை விளங்கிக்கொள்ளாமல் குளிர்காலக் கம்பளி ஜேர்சியைத் தேர்ந்தெடுக்க முற்படுபவர், ஐரோப்பாவின் உலர்ந்த குளிருக்கென எழுதப்பட்ட அறிவுரையை அப்படியே பின்பற்றி, தடித்த ஒரு சட்டையை வாங்கி, முதல் ஏற்றத்திலேயே வியர்வையில் நனைந்துவிடுவார்.

ஏற்றத்திற்கும் இறக்கத்திற்கும் இடையில் உடல் வெளியிடும் வெப்பத்தில் உள்ள வேறுபாடு வியப்பூட்டும் அளவுக்குப் பெரியது. வண்டியோடு சேர்த்து ஏறத்தாழ 80 கிலோகிராம் நிறையுள்ள ஒருவர், 20 மீற்றர் செல்ல ஒரு மீற்றர் உயரும் ஒரு வீதியில் மணிக்கு 10 கிலோமீற்றர் வேகத்தில் ஏறினால், மிதிகளுக்கு அவர் கொடுக்கும் வலு 130 வாற்று அளவில் இருக்கும். மனிதத் தசை தான் எரிக்கும் சக்தியில் நான்கில் அல்லது ஐந்தில் ஒரு பங்கை மட்டுமே வேலையாக மாற்றவல்லது என்பதால், எஞ்சிய 450 வாற்று அளவிலான சக்தி வெப்பமாக உடலிலிருந்து வெளியேறியாக வேண்டும். உச்சியை அடைந்து மிதிப்பதை நிறுத்தி இறங்கத் தொடங்கியவுடன் அந்த உற்பத்தி 100 முதல் 150 வாற்று வரை சரிந்துவிடுகிறது. அதே கணத்தில் காற்றோ மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்தில் மார்பில் வந்து அடிக்கிறது. ஆக, வெப்பம் அதிகமாக இருந்தபோது அதை வெளியேற்ற வேண்டியிருந்த அதே துணி, வெப்பம் குன்றியபோது அதைக் காக்கவும் வேண்டியிருக்கிறது. இதற்கிடையே அந்தத் துணி வியர்வையாலோ மழையாலோ நனைந்தும் இருக்கிறது. நீர் அசையாக் காற்றைவிட ஏறத்தாழ 24 மடங்கு விரைவாக வெப்பத்தைக் கடத்தும். ஒரு கிராம் நீர் தோலின் வெப்பநிலையில் ஆவியாகும்போது 2.4 கிலோயூல் வெப்பத்தை எடுத்துச் செல்லும். திரவம் வாயுவாக மாறுவதற்கு வேண்டிய, வெப்பமானியில் தெரியாத இந்த வெப்பமே மறைவெப்பம் எனப்படுகிறது. ஈரமான சட்டை தோலோடு ஒட்டிக்கிடந்தால் இவ்விரு வழிகளாலும் வெப்பம் பறிபோகிறது.

இங்கேதான் கம்பளி நாரின் அமைப்பு பயன்படுகிறது. செம்மறியாட்டின் உரோமம் கெரட்டின் என்னும் புரதத்தாலானது. மனிதத் தலைமயிரும் நகமும் மாட்டின் கொம்பும் அதே புரதக் குடும்பத்தைச் சேர்ந்தவை. நாரின் மேற்புறத்தில் நுண்ணிய செதில்கள், நுனியை நோக்கி ஒன்றன்மேல் ஒன்றாக, கூரையோடுகளைப் போல அடுக்கப்பட்டிருக்கின்றன. அச்செதில்களின் வெளிமுகத்தில் ஒரு கொழுப்பமிலப் படலம் பிணைந்திருப்பதால் மேலே விழும் நீர்த்துளி பரவாமல் உருண்டு நிற்கிறது. ஆனால் செதில்களுக்கு உள்ளே இருக்கும் புரத உடல் நீரை விரும்புவது. திரவத்தைத் தள்ளும் அந்த மேற்பரப்பைக் கடந்து நீராவி உள்ளே புகுந்து, புரத மூலக்கூறுகளோடு பிணைந்துகொள்கிறது. வெளியே நீரை ஒதுக்கி உள்ளே நீரை உண்ணும் இந்த இரட்டைக் குணம் பருத்திக்கும் இல்லை, பொலியெஸ்டருக்கும் இல்லை. மேலும், நாரின் ஒரு பக்கத்து உயிரணுக்களும் மறுபக்கத்து உயிரணுக்களும் வெவ்வேறு அமைப்புடையனவாதலால் நார் நேராக நிற்காமல் அலையலையாகச் சுருள்கிறது. சுருண்ட நார்கள் ஒன்றையொன்று தாங்கிப் பிடித்து இடையே காற்றை அடைத்து வைக்கின்றன. நனைந்த பின்னும் அந்தச் சுருள் முற்றாகத் தளர்ந்துவிடுவதில்லை. நனைந்த பருத்திச் சட்டை முதுகில் தோலாகவே ஒட்டிக்கொள்ள, நனைந்த கம்பளி சிறிது விலகி நிற்பதற்குக் காரணம் இதுதான்.

ஒரு நார் காற்றிலிருந்து எவ்வளவு நீரைத் தன்னுள் இழுத்து வைத்திருக்கிறது என்பதை, முற்றாக உலர்ந்த அதன் நிறையின் வீதமாகச் சொல்வது நெசவியலாளர் வழக்கம். குறித்த வெப்பநிலையில் காற்று தாங்கக்கூடிய நீராவியில் எத்தனை வீதம் உண்மையில் இருக்கிறது என்பதே சாரீரப்பதன். அது 65 வீதமாக இருக்கும் அறையில் கம்பளி 16 வீதம் அளவிலும் பருத்தி 8 வீதம் அளவிலும் நீரைக் கொண்டிருக்க, பொலியெஸ்டர் அரை வீதத்தையும் எட்டுவதில்லை. காற்று நிறைவுறும்போது கம்பளி தன் நிறையில் மூன்றில் ஒரு பங்கு வரை நீரை ஏற்றுக்கொள்ளும், அப்போதும் தொட்டால் ஈரமாகத் தோன்றாது. இவ்வாறு நீராவியை ஏற்கும்போது கம்பளி வெப்பத்தை வெளியிடுகிறது. நீராவி தன் மறைவெப்பத்தை விட்டுவிட்டுப் புரதத்தோடு பிணைவதும், அந்தப் பிணைப்பே மேலும் சிறிது வெப்பத்தைத் தருவதும் இதற்குக் காரணங்களாகும். முற்றாக உலர்ந்த ஒரு கிலோகிராம் கம்பளி நிறைவுறும் வரை உறிஞ்சினால் வெளிவரும் வெப்பம் ஏறத்தாழ 900 கிலோயூல். கம்பளி விற்பவர்கள் விரும்பி எடுத்துக்காட்டும் எண் இது. அதில் பொய் எதுவும் இல்லை.

ஆனால் அந்த எண்ணுக்குப் பின்னால் ஓர் அடுப்பு எரியும் வீடு இருக்கிறது. குளிர்நாட்டுக் குளிர்காலத்தில், சூடாக்கப்பட்ட அறையின் சாரீரப்பதன் 30, 35 வீதமாக இறங்கிவிடுவதால், அலுமாரியில் கிடக்கும் ஜேர்சி 10 வீத அளவு நீரையே கொண்டிருக்கும். அணிந்தவர் பனிமூட்டத்தினுள் இறங்கியதும் அது 25 வீதத்தை நோக்கி உறிஞ்சத் தொடங்கும். 200 கிராம் நிறையுள்ள சட்டையொன்றில் இது 30 கிராம் நீராவிக்கும், ஏறக்குறைய 80 கிலோயூல் வெப்பத்திற்கும் சமம். மேலே சொன்ன இறக்கத்தில் உடல் பத்து நிமிடங்களில் உற்பத்தி செய்யும் வெப்பம் அது. தெரணியகலையில் யூலை மாதத்து வீட்டுக்குள் காற்றே 85, 90 வீத ஈரப்பதனோடு நிற்கிறது. கொடியில் தொங்கும் கம்பளி, அணிவதற்கு முன்பே 20 வீதத்திற்கு மேல் நீரை உண்டு முடித்திருக்கிறது. வெளியே மழைக்குள் இறங்கும்போது அது மேலும் ஏற்கக்கூடியது 10 கிராம் அளவே. வெளிவரும் வெப்பமும் 25 கிலோயூலைச் சுற்றியே நிற்கும், ஏற்றத்தில் உடல் அதை ஒரு நிமிடத்திற்குள் உற்பத்தி செய்துவிடும். ஆகவே, கம்பளியின் மிகப் புகழ்பெற்ற குணம் இந்த ஈர மலையில் பெரிதும் செலவழிந்த நிலையிலேயே கைக்கு வருகிறது என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். அதை மீட்க எளிய வழியொன்று உண்டு: இரவில் சட்டையை விறகடுப்பின் மேலுள்ள உலர்ந்த சூட்டில் தொங்கவிட்டு, காலையில் எடுத்தவுடன் அணிந்து புறப்படுவது. தோட்டத்து லயங்களில் ஈரக் கம்பளியை அடுப்படியில் காயப்போட்டவர்கள் ஈரத்தை நீக்கியதோடு மறுநாளைக்கான வெப்பத்தையும் சேர்த்தே அதில் ஏற்றி வைத்தனர்.

அந்தக் கம்பளியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. இலங்கையின் மலைத்தோட்டங்களில் கம்பளி என்பது சட்டையன்று. தலையிலிருந்து முதுகு வழியாகத் தொங்கும் கனத்த கரிய போர்வை. கொழுந்துக் கூடையின் கயிறு நெற்றியை அறுக்காமல் தாங்கியதும், காலையில் வேலை பிரிக்கப்படும் பெரட்டுக்களத்திலிருந்து மலைக்குச் செல்லும் வழியில் மழையை எதிர்த்ததும் அதுவே. கோப்பிக் காலத்திலிருந்தே தோட்ட நிருவாகங்கள் இதைத் தொழிலாளருக்கு வழங்கி, விலையை அவர்களுடைய கணக்கில் கடனாக எழுதின. குளிரிலிருந்து காத்த பொருளே கடன் சுமையின் ஒரு பகுதியாகவும் இருந்தது. இதன் நெருங்கிய உறவான தக்காணத்துக் கம்பளியை நெய்யும் மரபுவழி நெசவாளர்கள், கரிய முரட்டு உரோமத்தைக் கையால் நூற்று, பாவு நூலுக்குப் புளியங்கொட்டைக் கூழ் ஏற்றி விறைப்பாக்கி நெய்கின்றனர். நனையும்போது கம்பளி நாரின் விட்டம் ஏறத்தாழ 16 வீதம் பருக்கிறது. நெருக்கமாக நெய்யப்பட்டு, பாவனையில் மிதிபட்டு, செதில்கள் ஒன்றோடொன்று பின்னிச் சிக்குப் பிடித்த துணியில் அந்தப் பருமனே இடைவெளிகளை அடைத்து மழை உட்புகுவதைத் தாமதப்படுத்துகிறது. மெதுவாகக் கை அசைத்துக் கொழுந்தெடுப்பவருக்கு இது ஏற்றது, ஏனெனில் அவருடைய உடல் வெப்பத்தை வாரி இறைப்பதில்லை. இன்று மலைகளில் அதன் இடத்தைப் பெரும்பாலும் பொலித்தீன் விரிப்பு பிடித்துவிட்டது. மழையை முற்றாகத் தடுக்கும் அவ்விரிப்பு வியர்வையையும் முற்றாகத் தடுத்துவிடுவதால், உள்ளே இருப்பவர் வேறொரு வழியில் நனைகிறார். வண்டியோட்டிகள் விரும்பி வாங்கும் மலிவான மழைக்கோட்டிலும் இதே குறை இருக்கிறது.

துவிச்சக்கர வண்டியோட்டிக்கு அந்தக் கரிய கம்பளி ஏன் உதவாது என்பதற்கு நாரின் தடிமன் பெரும்பகுதி விடையைத் தருகிறது. மைக்குரோமீற்றர் என்பது ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்கு. 30 மைக்குரோமீற்றரைத் தாண்டிய நாரின் நுனி, தோலில் படும்போது வளைந்து கொடுக்காமல் குத்துகிறது. அத்தகைய தடித்த நார்கள் நூற்றுக்கு ஐந்தைத் தாண்டினாலே பெரும்பாலானோருக்கு அரிப்புத் தோன்றும். கம்பளி ஒவ்வாது என்று சொல்பவர்களிற் பலருக்கு ஒவ்வாதது இந்த முனைக்குத்தே. போர்வைக் கம்பளியில் 40 மைக்குரோமீற்றர் நாரும் சாதாரணம். மெரினோ இன ஆட்டின் நாரோ பொதுவாக 17 முதல் 24 வரை. தோலோடு ஒட்டி அணிவதற்கு 19 அல்லது அதற்குக் கீழுள்ளதே உகந்தது. தமிழ் நிலத்தில் நுண்கம்பளிக்கென உருவான நீலகிரிச் செம்மறி, பத்தொன்பதாம் நூற்றாண்டில் உள்ளூர் ஆடுகளையும் தாஸ்மேனிய மெரினோவையும் சில ஆங்கில இனங்களையும் கலந்து தோன்றியது. உதகைக்கு அருகிலுள்ள சாண்டிநல்லா ஆராய்ச்சி நிலையம் அருகிவரும் அந்த இனத்தைக் காத்து வருகிறது. அதன் நாரும் 27 மைக்குரோமீற்றர் அளவினதாதலால், உள்சட்டைக்கு மேல் அணியும் ஸ்வெட்டருக்குப் பொருந்துமே தவிர வெறும் தோலுக்குப் பொருந்தாது. யாழ்ப்பாணச் செம்மறி கம்பளிக்காக வளர்க்கப்படுவதன்று. ஆகவே இலங்கையர் அணியும் நுண்கம்பளி எதுவாயினும் இறக்குமதியே.

கம்பளியும் துவிச்சக்கர வண்டியும் ஒன்றாகவே பிரபலமடைந்தன. ஸ்டுட்கார்ட்டில் பணியாற்றிய விலங்கியலாளர் குஸ்தாவ் யேகர், தாவர நாரை விலக்கி விலங்கு நாரை மட்டுமே உடுத்த வேண்டும் என்று 1880ஆம் ஆண்டளவில் பரப்பிய கொள்கை, 1884இல் இலண்டனில் அவர் பெயரால் கடை திறக்கும் அளவுக்குச் செல்வாக்குப் பெற்றது; நாடகாசிரியர் பெர்னார்ட் ஷோ அந்தக் கம்பளி உடையில் உலவியவர்களுள் ஒருவர். உடலின் நச்சாவியைக் கம்பளி வெளியேற்றும் என்ற யேகரின் விளக்கம் அறிவியலில் நிற்கவில்லை. இருப்பினும் அவர் பரிந்துரைத்த உடையை வண்டியோட்டிகள் நெடுங்காலம் விடாமல் பற்றிக்கொண்டனர். தவறான காரணத்துக்காகச் சரியான பொருளைத் தேர்ந்தெடுத்தவர்கள் அறிவியல் வரலாற்றில் குறைவில்லை. 1919இல் தூர் த பிரான்ஸ் துவிச்சக்கர வண்டிப் போட்டியில் ஊஜேன் கிறிஸ்தோஃப் முதன்முதலாக அணிந்த, முன்னணியில் இருப்பவருக்குரிய மஞ்சள் ஜேர்சியும் கம்பளியே. இரண்டாம் உலகப்போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் செயற்கை இழை கலந்த மஞ்சள் ஜேர்சியைப் போட்டி வீரர் லூயிசோன் பொபே அணிய மறுத்து, தூய கம்பளியே வேண்டுமென்று பிடிவாதம் பிடித்தார். பின்னர் 1958இல் டியூபொன் நிறுவனத்தின் ஜோசப் ஷிவர்ஸ் உருவாக்கிய நீள்தகு இழையும் மலிவான பொலியெஸ்டரும் போட்டி உலகைக் கைப்பற்றின. நனைந்து கனத்துத் தொங்கும் பழைய ஜேர்சியைவிட அவை இலேசானவை, விரைந்து உலர்பவை. அந்த விரைவே இறக்கத்தில் பகையாகிறது: விரைவாக உலர்வது என்றால் மறைவெப்பத்தை விரைவாகப் பறிப்பது என்றும் பொருள். கம்பளி தன்னுள் பிணைத்த நீரை மெல்ல மெல்லவே விடுவதால், குளிர்ச்சி ஒரே அடியாக வராமல் நீண்ட நேரத்துக்குப் பரவுகிறது. ஈர மலையில் எஞ்சி நிற்கும் கம்பளியின் உண்மையான பயன் இதுவே.

இந்தப் பயனை அடைவதற்குத் தேவைப்படுவது மெல்லிய சட்டை. பின்னல் துணியின் கனத்தைச் சதுர மீற்றருக்கு இத்தனை கிராம் என்று குறிப்பர். 150 என்பது மெல்லியது, 200 நடுத்தரம், 250க்கு மேல் குளிர்நாட்டுக்குரியது. தெரணியகலை, தெஹியோவிட்டை, அவிசாவளை என்ற எல்லைக்குள் ஓடுபவருக்கு 150 போதும். ஜனவரி மாதத்து வறண்ட பகலில் அதுவும் மிகை. எட்டியாந்தோட்டை, கித்துல்கலை, கினிகத்தேனை வழியாக ஏ7 வீதியில் ஹற்றனையும் தாண்டி, 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியா வரை ஏறுபவரின் நிலை வேறு. 1,000 மீற்றர் ஏற ஏற வெப்பநிலை ஏறத்தாழ 6.5 பாகை குறைவதால், காலையில் 27 பாகையில் புறப்பட்டவர் மாலையில் 16 பாகையில் நிற்பார். அவருக்கும் 250 கிராம் துணி வேண்டியதில்லை. 150 கிராம் துணியில் உள்சட்டையொன்றும் அதன்மேல் 200 கிராம் ஜேர்சியும், இறக்கத்துக்கென மடித்துப் பையில் வைக்கத்தக்க மெல்லிய காற்றுத்தடுப்பு மேற்சட்டையும் இருந்தால், மூன்று வெவ்வேறு வானிலைகளுக்கு அவர் ஆயத்தமாகிவிடுவார். பின்னல் துணியில் அடைபட்ட காற்று அசையாதவரையில்தான் வெப்பத்தைக் காக்கும் என்பதால், மணிக்கு 40 கிலோமீற்றர் காற்று கண்ணிகளினூடே புகுந்துவிட்டால் எத்தகைய கம்பளியும் வலுவிழக்கிறது. காற்றுத்தடுப்பு இல்லாத தடித்த ஜேர்சியைவிடக் காற்றுத்தடுப்போடு கூடிய மெல்லிய ஜேர்சியே மேல்.

கழுத்திலிருந்து இடுப்பு வரை திறக்கும் சிப், ஏற்றத்தில் பொத்தானைத் தேடாமல் ஒரு கையால் நெஞ்சைத் திறக்க உதவுவதால், அதற்காகச் சற்று அதிக விலை கொடுப்பதில் தவறில்லை. வண்டியில் குனிந்திருக்கும் முதுகை மூடும் அளவுக்குப் பின்புறம் நீண்டிருப்பதும், தோளில் இறுக்கமின்றியும் மார்பில் தொய்வின்றியும் பொருந்துவதும் அவசியம். தோலைத் தொடாத துணி வியர்வையை வாங்காது. பின்பக்கப் பைகளைப் பொறுத்தவரை, நனைந்த கம்பளி தன் வலிமையில் ஒரு பகுதியை இழந்து நீள்வதால், கைபேசியும் தண்ணீர்ப் போத்தலும் நிரப்பிய பை தொடை வரை இறங்கிவிடும். நைலோன் இழையைச் சுற்றிக் கம்பளி நூற்கப்பட்ட துணி அந்தக் குறையைப் பெரிதும் போக்குகிறது, தூய கம்பளியே வேண்டுமென்ற பிடிவாதம் இங்கே தேவையற்றது. நிறம் மஞ்சளாகவோ சிவப்பாகவோ இருப்பது நல்லது. மூடுபனியில் வளைவு திரும்பும் லொறிச் சாரதிக்குக் கரிய சட்டை தெரியாது. இடையே ஒன்றையும் சொல்லிவிடலாம்: பின் சக்கரத்துக்கு மட்கார்ட் இல்லாத வண்டியில் எந்த ஜேர்சியும் முதுகைக் காக்காது, மழைநீரைவிடச் சேற்றுநீரே அதிகம் வந்து சேரும்.

நுவரெலியாவின் பேல் பஜாரில் குவிந்திருக்கும் குளிர் உடைகளில் கம்பளிபோல் தோன்றுபவை பல அக்ரிலிக்கால் ஆனவை. விரலுக்கு அவை மென்மையாகவும் சூடாகவுமே படும். உட்தையலில் நீட்டி நிற்கும் ஒரு நூலைக் கடைக்காரரின் அனுமதியோடு பிடுங்கி, குறட்டில் பிடித்துத் தீயில் காட்டினால் உண்மை தெரிந்துவிடும். கம்பளி நூல் சுருண்டு, மயிர் பொசுங்கும் நாற்றத்தோடு மெல்ல எரிந்து, தீயை விலக்கியதும் தானே அணைந்து, விரலிடையே நொறுங்கும் கரியை விடும். அக்ரிலிக் உருகிச் சொட்டி, நொறுங்காத கறுத்த மணியாக இறுகும். கலப்பு நூலில் இரண்டும் தெரியும்.

வாங்கிய பின் அதைக் கெடுப்பதற்குப் பீலியடிக் கல் ஒன்றே போதும். கல்லில் அடித்துத் துவைக்கும்போது செதில்கள் ஒரு திசையில் மட்டும் நகர்ந்து பூட்டிக்கொள்வதால் துணி சுருங்கித் தடித்துவிடுகிறது; மேலே சொன்ன போர்வைக்கு வலுவூட்டிய அதே நிகழ்வு ஜேர்சியைக் குழந்தைச் சட்டையாக்குகிறது. குளோரின் முறையால் செதில்களை மழுக்கி, மெல்லிய பிசின் பூசிய கம்பளி இயந்திரத் துவைப்பையும் தாங்கும்; ஆனால் வீட்டில் பயன்படுத்தும் வெளிற்றும் திரவம் கெரட்டினையே கரைத்துவிடும் என்பதால் அதை அருகிலும் கொண்டுவரலாகாது. சலவைச் சவர்க்காரத்தின் காரமும் புரதத்துக்கு ஆகாது, தலைமயிருக்குப் பூசும் சம்பூ போதும். கம்பளியில் வியர்வை நாற்றம் எளிதில் தங்காததால் ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பின்னும் துவைக்கவேண்டிய கட்டாயமும் இல்லை. அலசிப் பிழிந்து, துவாயில் சுருட்டி அழுத்தி, கொடியில் தொங்கவிடாமல் பாயில் பரப்பினால் நீளாது. மழைக்காலம் முழுவதும் அலுமாரியில் மூடிவைத்தால் பூஞ்சணமும், கெரட்டினைச் செரிக்கவல்ல அந்துப்பூச்சிப் புழுவும் அதைப் பங்கிட்டுக்கொள்ளும். புழு முதலில் தேடுவது வியர்வை படிந்த அக்குளையும் கழுத்துப் பட்டியையும் ஆதலால், அங்கே கடுகளவு ஓட்டை தெரிந்த அன்றே அதே நிற நூலால் இழைத்துத் தைத்துவிட வேண்டும். பின்னல் துணியில் அறுந்த கண்ணி, அடுத்த மழைக்குள் முழங்கை வரை ஓடிவிடும்.